"அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினான்!"

பேச்சு வராத குழந்தைகள்: வீடுகளில் நடப்பதும் நடக்க வேண்டியதும்

காலை பத்து மணி. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்ப இடையீட்டு மையம். விழுப்புரமோ விருதுநகரோ, எந்த ஊரானாலும் காட்சி ஏறக்குறைய இதுதான். பெஞ்சில் அம்மா, பாட்டி, நடுவில் இரண்டரை வயதுப் பையன். பையன் கையில் பாட்டியின் செல்போன். விளம்பரம் வந்தால் எங்கே தொட்டுத் தாண்ட வேண்டும் என்று அவன் விரலுக்குத் தெரிகிறது. "அம்மா" என்ற சொல் மட்டும் இன்னும் வரவில்லை.

உள்ளே கூப்பிடுகிறார்கள். பேச்சுப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் செல்போனை வாங்கி டிராயரில் போட்டு மூடுகிறார். அறையே அதிரும்படி அழுகை. அது ஓயும்வரை அவர் ஒன்றும் செய்வதில்லை. பிறகு சோப்புக் குமிழ் டப்பாவைத் திறந்து ஊதுகிறார். பையன் வாய் பிளந்து பார்க்கிறான். மறுபடி ஊதுகிறார். மூன்றாவது தடவை குச்சியை உதட்டருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிடுகிறார். ஐந்து விநாடி. எட்டு விநாடி. "ஊதிடும்மா, புள்ள ஏங்குது" என்கிறார் பாட்டி. தெரபிஸ்ட் கையமர்த்துகிறார். பையன் குச்சியைப் பார்க்கிறான். அவர் முகத்தைப் பார்க்கிறான். உதட்டைக் குவித்து "ப்பூ" என்கிறான். அடுத்த கணம் அறை முழுக்கக் குமிழ்.

"வீட்ல இப்படி ஒரு சத்தம் வராதே மேடம்!" என்கிறார் அம்மா. வீட்டில் எப்படி வரும்? அவன் கேட்பதற்கு முன்பே பால் வந்துவிடுகிறது, பிஸ்கட் வந்துவிடுகிறது, போனும் வந்துவிடுகிறது.

ஆனால் மாதக்கணக்கில் காத்திருப்பதென்றால் நாம் கெட்டி. "அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினான்", "ஆம்பளப் புள்ள அப்படித்தான்", "சீக்கிரம் நடந்த புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று இரண்டு வயது ஓடும், மூன்று ஓடும். எல்.கே.ஜி. சேர்க்கையில் டீச்சர் கேட்ட பிறகுதான் டாக்டரைத் தேடுவோம். விநாடிக் கணக்கில் பொறுக்காதவர்கள் வருடக் கணக்கில் பொறுக்கிறோம். இந்தக் கணக்கை அப்படியே மாற்றிப் போட வேண்டும் என்பதுதான் இந்தத் துறையில் இருக்கும் அத்தனை பேரும் சொல்வதன் சாரம்.

பேச்சு எங்கே தொடங்குகிறது?

வாயில் அல்ல, காதில். கருவின் ஆறாம் மாதவாக்கிலேயே குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்த சில நாட்களிலேயே அம்மாவின் குரலை மற்றக் குரல்களிலிருந்து பிரித்து அறிகிறது. பிறகு குரல் வருகிறது, பிறகு 'பபபா', பிறகு விரல் நீட்டிக் காட்டுவது. சொல் வருவது இத்தனைக்கும் அப்புறம்தான். அதனால் முதல் பிறந்த நாளில் "எத்தனை வார்த்தை பேசுறான்?" என்று எண்ணுவதைவிட, "கூப்பிட்டால் திரும்புகிறானா, காக்காயைக் காட்டி நம் முகத்தைப் பார்க்கிறானா?" என்று கவனிப்பது பயனுள்ளது. காக்காயையும் பார்த்து நம்மையும் பார்க்கும் அந்தப் பார்வைதான் உரையாடலின் முதல் படி.

■ பெட்டி: எந்த வயதில் என்ன?

2–3 மாதம்: முகம் பார்த்துச் சிரிக்கும். 'ஆ', 'ங்க' என்று குரல் கொடுக்கும்.
6–9 மாதம்: 'பபபா', 'மமமா', 'தாதாதா'. பெயர் சொன்னால் திரும்பும்.
9–12 மாதம்: டாட்டா காட்டும்.
12–15 மாதம்: ஓரிரு சொற்கள். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டும்.
18 மாதம்: பத்துச் சொல்லாவது வரும். ஜாடை காட்டாமலே "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் புரியும்.
2 வயது: ஐம்பது சொல் அளவு. "பால் வேணாம்", "அப்பா வா" என்று இரண்டைக் கோக்கும்.
3 வயது: சின்னச் சின்ன வாக்கியங்கள். வீட்டுக்கு வரும் வெளியாளுக்கும் முக்கால்வாசி புரியும்.
4 வயது: நடந்ததைக் கதையாகச் சொல்லும்.

ர, ழ, ஸ போன்ற ஒலிகள் திருந்த இன்னும் ஓரிரு ஆண்டு ஆகலாம். பெரியவர்கள் பலருக்கே 'ழ' வராத ஊரில் நான்கு வயதுக் குழந்தையை அதற்காக மிரட்ட வேண்டியதில்லை.

காத்திருந்தால் பேசிவிடுமா?

பேசிவிடலாம். அதுதான் சிக்கலே. இரண்டு வயதில் பேச்சு பின்தங்கியிருக்கும் குழந்தைகளில் கணிசமானோர், வேறு குறை ஏதும் இல்லாவிட்டால், மூன்று நான்கு வயதுக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். தாமதமாகப் பேசியவர்கள் இருக்கும் குடும்பங்களில் பிள்ளைகளும் தாமதிப்பது உண்டு. ஆண் குழந்தைகள் சற்றுப் பிந்துவதும் உண்மை. அப்பாவை இழுக்கும் பாட்டி பொய் சொல்லவில்லை.

தெற்கே இதற்கு இன்னும் பெரிய சாட்சியைக் கூப்பிடுவார்கள். 17-ம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த புலவர் குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவில்லை என்றும், பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுபோன பிறகே வாய் திறந்தார் என்றும் வரலாறு சொல்கிறார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் தாராளமாகத் திருச்செந்தூர் போகட்டும். போகும் வழியில் ஒரு காது பரிசோதனையும் எடுத்துவிட்டால் முருகன் கோபிக்க மாட்டார்.

ஏனென்றால், தானாகப் பேசிவிடும் குழந்தை எது, உதவி இல்லாமல் பேசாத குழந்தை எது என்று வீட்டில் இருந்தபடி சொல்ல முடியாது. பேச்சுத் தாமதம் என்ற ஒரே வெளித்தோற்றத்துக்குப் பின்னால் காது கேளாமை இருக்கலாம், ஆட்டிசம் இருக்கலாம், ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் இருக்கலாம், பேசுவதற்கு வாய்ப்பே கிடைக்காத வீடு இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். பரிசோதித்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால் போனது அரை நாள். பார்க்காமல் விட்டு ஏதாவது இருந்தால் போவது மூளை மொழியை வேகமாக வாங்கிக்கொள்ளும் முதல் மூன்று ஆண்டு.

காத்திருப்பின் விலை பேச்சோடு நிற்பதும் இல்லை. கேட்கத் தெரியாத குழந்தை கடிக்கும், தலையை முட்டும், பொருளை வீசும். ஊரில் அதற்குப் "பிடிவாதக்காரன்" என்று பெயர் விழும். பள்ளியில் "டல்". மொழி தடுமாறும் குழந்தைக்கு எழுத்தும் வாசிப்பும் பின்னால் தடுமாறும் வாய்ப்பு அதிகம். நடுவில் அம்மாவின் தலை உருளும்: "வேலைக்குப் போறவ, புள்ளகிட்ட எங்க பேசுறா?" ஆட்டிசம் அம்மாவின் அன்புக் குறைவால் வருகிறது என்றொரு கொள்கை 1950, 60-களில் மேற்கே உலவியது, மருத்துவ உலகம் அதை எப்போதோ தூக்கி எறிந்துவிட்டது. நம் கூடத்தில் மட்டும் அது இன்னும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

முதலில் காது

"காதெல்லாம் நல்லா கேக்குது. கதவைச் சாத்தினா திரும்புறானே!" பெற்றோர் உறுதியாகச் சொல்லும் வாக்கியம் இது, நம்பக் கூடாத வாக்கியமும் இதுதான். கதவு அறையும்போது தரை அதிர்கிறது, காற்று அசைகிறது, நிழல் விழுகிறது. கேட்காத குழந்தை இதையெல்லாம் பிடித்துக்கொள்ளும். சில குழந்தைகளுக்குக் கனத்த ஒலி கேட்கும், பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காது. பிறவியிலேயே கேட்காத குழந்தைகூட முதல் சில மாதங்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே குரல் எழுப்பும் என்பதால் தொட்டிலில் வித்தியாசம் தெரியாது.

நம் மாநிலத்துக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று நெருங்கிய உறவில் நடக்கும் திருமணம் நாட்டிலேயே அதிகமுள்ள மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. இங்கே நான்கில் ஒரு பங்குக்கு மேல் அப்படிப்பட்ட திருமணங்கள் என்று தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுகிறது. பிறவிக் காது கேளாமையின் பரம்பரைக் காரணங்கள் இத்தகைய குடும்பங்களில் வெளிப்படும் வாய்ப்பு அதிகம். மற்றவை: கர்ப்பத்தில் தாக்கும் ரூபெல்லா, குறைமாதப் பிரசவம், பிறந்ததும் கடுமையாக ஏறும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல். குழந்தைகளின் காது கேளாமையில் சுமார் 60 சதவிகிதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பரிசோதனை எளிது. தூங்கும் சிசுவின் காதில் சின்ன முனையை வைத்துச் சில நிமிடங்களில் முடிந்துவிடும் ஓ.ஏ.ஈ. சோதனை, ஊசி இல்லை, வலி இல்லை. அதில் சந்தேகம் வந்தால், ஒலிக்குச் செவி நரம்பும் மூளையும் எப்படிப் பதிலளிக்கின்றன என்று பார்க்கும் 'பெரா' சோதனை. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் கெடு. ஆறு மாதத்துக்கு முன் கண்டறியப்பட்ட குழந்தைகள் மொழியில் தெளிவாக முந்துகிறார்கள் என்று அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த ஆய்வு 1998-லேயே காட்டியது. பிரசவ வார்டிலிருந்து கிளம்பும்போது தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குவதுபோல, "காது டெஸ்ட் எடுத்தாச்சா?" என்றும் கேளுங்கள். தானாக நடந்திருக்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

கண்டுபிடித்த பிறகு வழி இருக்கிறது. காது கேட்கும் கருவி, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை செய்து உட்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட். பல லட்சம் ரூபாய் பிடிக்கும் அந்த அறுவை சிகிச்சையை ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகச் செய்கிறார்கள். அறுவை சிகிச்சை செய்தால் மட்டும் பேச்சு வந்துவிடாது. அதன்பின் பல மாதப் பயிற்சி வேண்டும், ஊரிலிருந்து வாரா வாரம் பஸ் ஏற வேண்டும், கூலி வேலைக்காரக் குடும்பத்துக்கு அது தினக்கூலி இழப்பு. நடுவில் பயிற்சியை விட்டுவிடும் குடும்பங்களைப் பற்றித் தெரபிஸ்டுகள் வருத்தத்தோடு பேசுவார்கள். சென்னையில் 1969-ல் தொடங்கிய பால வித்யாலயா பள்ளி இந்த உண்மையை அன்றே பிடித்துக்கொண்டது. காது கேளாத கைக்குழந்தைகளையும் சேர்த்து, கூடவே அம்மாவையும் உட்கார வைத்துப் பேசக் கற்றுத்தருகிறது. பிள்ளைகள் பிறகு சாதாரணப் பள்ளிக்குப் போகிறார்கள்.

■ பெட்டி: இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம்

ஒன்பது மாதத்தில் பெயர் சொல்லியும் திரும்பாவிட்டால். ஒரு வயதில் 'பபபா' போன்ற மழலையே இல்லாவிட்டால், கையால் காட்டுவதோ டாட்டாவோ இல்லாவிட்டால். ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் வராவிட்டால். இரண்டு வயதில் இரண்டு சொல் சேராவிட்டால். பேசிக்கொண்டிருந்த குழந்தை எந்த வயதிலாவது பேச்சை விட்டுவிட்டால் அந்த வாரமே டாக்டரிடம் போங்கள். இதில் "பார்ப்போம்" கிடையாது.

போன் பேசும், பதில் கேட்காது

சோறு ஊட்டும் நேரம். போன் தண்ணீர்ச் சொம்பில் சாய்ந்து நிற்கிறது, திரையில் இங்கிலீஷ் ரைம்ஸ். குழந்தை பார்க்காமலே வாயைத் திறக்கிறது. "எல்லாக் கலரும் இங்கிலீஷ்ல சொல்றா" என்று பெருமை வேறு. கலர் சொல்கிற அதே குழந்தைக்குத் "தண்ணி வேணும்" என்று கேட்க வராது. ஒப்பிப்பது வேறு, பேசுவது வேறு.

2003-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாட்ரீசியா கூல் குழு ஒரு சோதனை செய்தது. இங்கிலீஷ் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு, சீன மொழியான மாண்டரின் பேசுகிறவர் நேரில் உட்கார்ந்து விளையாடிக் கதை சொன்னார். பன்னிரண்டு அமர்வுகளில் குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில் பார்த்த குழந்தைகளோ? ஒன்றும் கற்கவில்லை. திரை குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை, அதன் 'ங்க'வுக்கு நிறுத்துவதும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம்; இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இரண்டு வயதுவரை திரை வேண்டாம் என்கிறது. வெளியூரில் இருக்கும் அப்பாவோடு வீடியோ காலில் கொஞ்சுவது இதில் சேராது. அங்கே பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார்.

இப்போது 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்ற சொல் வாட்ஸப்பில் பறக்கிறது. அப்படி ஒரு நோய் மருத்துவ வகைப்பாட்டில் கிடையாது. போன் பார்ப்பதால் ஆட்டிசம் வருவதில்லை. ஆனால் போன் பேச்சு நேரத்தைத் தின்கிறது. 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்ற பேச்சில் ஓர் ஆபத்தும் இருக்கிறது: "போனை நிறுத்தினால் சரியாகிவிடும்" என்று ஆறு மாதம் ஓட்டி, உண்மையிலேயே ஆட்டிசம் உள்ள குழந்தையின் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது. போனையும் நிறுத்துங்கள், டாக்டரையும் பாருங்கள்.

குழந்தை கையிலுள்ள போனைப் பற்றிப் பேசும் நாம், பெரியவர் கையிலுள்ள போனைப் பற்றிப் பேசுவதே இல்லை. 1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர், கொஞ்சிக்கொண்டிருந்த அம்மாக்களைச் சில நிமிடம் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் இருக்கச் சொன்னார். குழந்தைகள் சிரித்துப் பார்த்தன, குரல் கொடுத்தன, கையை நீட்டின. கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டன. ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கும் நம் முகம் குழந்தைக்கு எப்படித் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள்.

சமையலறையே போதும்

தனி பொம்மை வேண்டாம், ஃபிளாஷ் கார்டு வேண்டாம். காய் நறுக்கும்போது குழந்தையை எதிரில் உட்கார வையுங்கள். "வெண்டைக்கா. பச்ச வெண்டைக்கா. நறுக்கிட்டேன்... டக்! டக்!" கையில் இருப்பதை, கண்ணில் படுவதை, செய்வதைச் சொல்லிக்கொண்டே போவதுதான் பாடம். குளிக்கும்போது "தலைக்குத் தண்ணி, முதுகுக்குத் தண்ணி". இழுத்து, ராகம் போட்டுக் கொஞ்சுவதில் வெட்கம் வேண்டாம். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் சிசுவின் காது தேடுகிறது.

ஆனால் வாய் ஓயாமல் பேசிக்கொட்டுவதும் மருந்தல்ல. 1995-ல் ஹார்ட், ரிஸ்லி என்ற ஆய்வாளர்கள் இருவர், வசதியான வீட்டுக் குழந்தைகள் நான்கு வயதுக்குள் ஏழை வீட்டுக் குழந்தைகளைவிட மூன்று கோடிச் சொற்கள் அதிகம் கேட்கிறார்கள் என்று எழுதினார்கள். 42 குடும்பங்களை வைத்துப் போட்ட அந்தக் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். 2018-ல் வந்த எம்.ஐ.டி. ஆய்வு, காதில் விழும் சொற்களின் எண்ணிக்கையைவிட, குழந்தையும் பெரியவரும் மாறி மாறிப் பேசும் முறைகளே மூளையின் மொழிப் பகுதியோடு அதிகம் தொடர்புடையவை என்று காட்டியது. கூலி வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வரும் அம்மாவுக்கும் இப்படி மாறி மாறிப் பேசுவது சாத்தியம்.

குழந்தை "தண்ணி" என்றால் "தண்ணி வேணுமா? ஜில்லுனு தண்ணி!" என்று ஒரு படி ஏற்றித் திருப்பிக் கொடுங்கள். "தண்ணி இல்ல, 'தண்ணீர் வேண்டும்'னு சொல்லு" என்று வாத்தியாராகிவிடாதீர்கள். "சொல்லு, சொல்லு, மாமாவுக்குச் சொல்லிக் காட்டு" என்று விருந்தாளி முன் நிறுத்தினால் இருக்கிற நாலு சொல்லும் உள்ளே போய்விடும். பிஸ்கட் டப்பாவைக் கைக்கெட்டாத, கண்ணுக்கெட்டும் இடத்தில் வையுங்கள். கேட்க ஒரு காரணம் கிடைக்கட்டும். கேட்க முயலும்போது உள்ளுக்குள் பத்துவரை எண்ணுங்கள். சொல்லே வர வேண்டியதில்லை. ஒரு சத்தம், ஒரு விரல், ஒரு பார்வை வந்தால் கொடுத்துவிடுங்கள். அழவிட்டுச் சாதிப்பது இதில் சேராது.

பழைய விளையாட்டுகளைத் தூசி தட்டுங்கள். உள்ளங்கையில் பருப்பு கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் சோறு வைத்து, அக்குளுக்கு நண்டை ஓட்டும் ஆட்டத்தில் குழந்தை எதற்குச் சிரிக்கிறது? கிச்சுகிச்சுக்கு முன்னால் பாட்டி ஒரு கணம் நிறுத்துகிறாரே, அதற்கு. அந்த நிறுத்தத்தில்தான் குழந்தை "ம்ம்!" என்று கேட்கப் பழகுகிறது.

■ பெட்டி: பிள்ளைத்தமிழின் மாதக் கணக்கு

பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரிக்கிறது. பாட்டியல் என்னும் இலக்கண நூல்கள் அவற்றுக்கு மாதமும் குறிக்கின்றன. மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தாலாட்டு, ஒன்பதில் கை கொட்டும் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் தளர்நடையிட்டு வரும் வாரானை, பதினைந்தில் நிலவை விளையாடக் கூப்பிடும் அம்புலி. ஒன்பதாம் மாதவாக்கில் கைதட்டலும் ஒரு வயதை ஒட்டி நடையும் வருகின்றனவா என்று பார்க்கும் இன்றைய மருத்துவரின் பட்டியலோடு இது பல இடங்களில் ஒத்துப்போகிறது. ஐந்து வயதுவரை பேசவில்லை என்று சொல்லப்படும் குமரகுருபரர்தான் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழும் பாடியவர்.

எந்த மொழியில் பேசுவது?

உங்களுக்கு நன்றாக வரும் மொழியில். பிளே ஸ்கூல் சேர்க்கைக்குப் பயந்து, "ஈட் த ஆப்பிள், சிட் டவுன்" என்று கட்டளைகள் மட்டுமே தெரிந்த இங்கிலீஷில் வளர்க்கப்படும் குழந்தைக்குக் கட்டளைதான் கிடைக்கிறது, பேச்சு கிடைப்பதில்லை. கோபமும் கேலியும் கதையும் அம்மாவுக்குத் தமிழில்தான் வருகிறது என்றால் தமிழில் பேசுங்கள். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ உருதோ என்றால் அதில் பேசுங்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. இரண்டிலும் தெரிந்த சொற்களைச் சேர்த்து எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

பேச்சு வந்த பிறகு இன்னொரு கவலை வரலாம். இரண்டு வயதுக்கு மேல் சில குழந்தைகள் "நா... நா... நான்" என்று திக்கும். பெரும்பாலும் தானே மறையும். "மெதுவா பேசு" என்று அதட்டாமல், முடிக்கும்வரை முகம் பார்த்துக் கேளுங்கள். சில மாதங்களாகியும் நீடித்தால், பேச முயலும்போது முகம் இறுகினால் காட்டுங்கள்.

வசம்பும் வியாபாரமும்

வசம்பை உரைத்து நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்ற பழக்கம் இன்னும் இருக்கிறது. வசம்பிலுள்ள அசரோன் என்ற பொருள் நச்சுத்தன்மை உடையது. அமெரிக்கா 1968-லேயே வசம்பை உணவில் தடை செய்தது. ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. அதிலிருக்கக்கூடிய கிருமி வித்து சிசுவின் தசைகளை முடக்கும் அபாயம் உண்டு. "நாக்கு ஒட்டியிருக்கு, வெட்டிவிட்டால் பேசும்" என்பதும் பெரும்பாலும் வீண் கத்தி. நாக்கு ஒட்டியிருந்தால் சில ஒலிகள் தடுமாறலாம். பேச்சே வராமல் இருக்க அது காரணமல்ல.

இன்னொரு பக்கம், தெருவுக்குத் தெரு முளைக்கும் தெரபி சென்டர்கள். "நூறு நாளில் பேச வைக்கிறோம்" என்ற பேனரைப் பார்த்தால் திரும்பி நடங்கள். பேச்சுப் பயிற்சி தருபவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டுப் பெற்றோரை வெளியே உட்கார வைக்கும் இடமும் உதவாது. வாரத்தில் இரண்டு மணி நேரம் தெரபிஸ்டோடு. மிச்ச நேரமெல்லாம் உங்களோடுதான். உங்களுக்குக் கற்றுத்தராத பயிற்சி அரைப் பயிற்சி.

பணம் இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பேச்சுத் தாமதமும் காது கேளாமையும் சேர்ந்திருக்கின்றன. தமிழ்நாட்டின் ஐம்பத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகளுக்கு இத்திட்டத்தின் மருத்துவக் குழு வரும். அன்று குழந்தையைக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னால், மாவட்ட மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்கு போன் போட்டுக் கேளுங்கள். மேலே 'காத்திருக்க வேண்டாம்' பெட்டியில் உள்ள ஓர் அறிகுறி உங்கள் வீட்டில் இருந்தாலும் அடுத்த பிறந்த நாள்வரை பார்க்க வேண்டாம். இந்த வாரமே காது பரிசோதனைக்கு நேரம் கேளுங்கள்.